வாரிசற்ற வீடுகளின் வழக்குரைஞர்

பெஞ்சமின் ஃபெரன்ஸ் 2023 ஏப்ரல் 7 அன்று தம் 103ஆம் வயதில் ஃபுளோரிடாவில் காலமானபோது வந்த அஞ்சலிக் குறிப்புகளில் பெரும்பாலானவை ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கின: இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜிக் குற்றவாளிகளை நிறுத்திய நியூரம்பெர்க் விசாரணைகளில் அரசுத் தரப்பில் வாதாடியவர்களில் கடைசியாக உயிரோடிருந்தவர் மறைந்தார் என்று. அது உண்மை. ஆனால், அங்கே தம் வழக்கில் அவர் செலவிட்டது ஏறத்தாழ ஓராண்டு மட்டுமே. அது முடிந்த பிறகு ஜெர்மனியிலேயே தங்கி, கொல்லப்பட்ட யூதர்களின் வீடு, கடை, தொழுகைக்கூடம், கல்லறை நிலம், நூல்கள் ஆகியவற்றை மீட்கவும், உயிர் பிழைத்தவர்களுக்கு இழப்பீடு பெற்றுத் தரவும் அவர் செலவிட்ட எட்டாண்டுகளைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை. ஒரு வழக்குரைஞர் தம் சமூகத்துக்கு என்ன செய்ய முடியும் என்பதை ஆராய விரும்புபவருக்கு நீதிமன்ற மேடையைவிட, பதிவேடுகளும் மனுக்களும் நிறைந்த அந்த எட்டாண்டுகளே கூடுதலாகக் கற்றுத்தருகின்றன என்பது என் கருத்து.

நிலவறையிலிருந்து ஹார்வர்டுக்கு

ஃபெரன்ஸ் 1920 மார்ச் 11 அன்று திரான்சில்வேனியாவின் ஷோம்குட்டா மாரே என்ற சிற்றூரில் பிறந்தார். அவருடைய அக்காள் பிறந்தபோது அவ்வூர் ஹங்கேரியில் இருந்தது. அவர் பிறந்தபோது ருமேனியாவின் கைக்குப் போயிருந்தது. ஒரே வீட்டில் பிறந்த இருவருக்கு இரு நாடுகள் வாய்த்த இந்த விந்தையை அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிச் சிரிப்பதுண்டு. ஆட்சி மாறினாலும் யூதர்கள்மீதான வெறுப்பு மாறவில்லை. எனவே, பிள்ளைக்கு ஒரு வயது நிரம்புவதற்கு முன்பே பெற்றோர் நியூயார்க்குக்குக் கப்பலேறினர். துறைமுகப் பதிவேட்டில் அவர் பெண் குழந்தையாகக் குறிக்கப்பட்டுவிட்டதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். தந்தை காலணி தைப்பவர், ஒரு கண் பார்வை இழந்தவர். கையால் தைத்த பூட்ஸுக்கு நியூயார்க்கில் கிராக்கி இல்லை. 'நரகத்தின் அடுக்களை' என்று பெயர்பெற்ற மன்ஹாட்டன் பகுதியில், அடுக்குமாடிக் கட்டடமொன்றைப் பெருக்கித் துடைத்துக் காக்கும் வேலை கிடைத்தது. அக்கட்டடத்தின் நிலவறையே குடும்பத்துக்கு வீடாயிற்று. வீட்டுமொழி, ஐரோப்பிய யூதர்கள் பேசும் இத்திஷ். ஆங்கிலம் தெரியாததாலும் உருவம் மிகச் சிறியதாக இருந்ததாலும் பள்ளியில் முதலில் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

பிறகு நடந்தது, நன்றாகப் படித்த புலம்பெயர் பிள்ளைகள் பலரின் கதைதான்: கட்டணமில்லாத நகரக் கல்லூரி, அதன்பின் உதவித்தொகையுடன் ஹார்வர்டு சட்டப் பள்ளி. அங்கே போர்க்குற்றங்கள் பற்றி நூல் எழுதிக்கொண்டிருந்த பேராசிரியர் ஷெல்டன் குளூக்குக்கு ஆய்வு உதவியாளராக இருந்ததால், அத்துறையில் நூலகத்தில் கிடைத்தவற்றையெல்லாம் அவர் படித்து முடித்திருந்தார். 1943இல் பட்டம் பெற்றவரை இராணுவம் பீரங்கிப் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்த்துக்கொண்டது. நார்மண்டி முதல் ஜெர்மனி வரை சென்ற பிறகே, போர்க்குற்றச் சான்று சேகரிக்கும் பிரிவுக்கு ஆள் தேவைப்பட்டபோது, அவருடைய சட்டப் படிப்பு மேலிடத்தின் நினைவுக்கு வந்தது. புகன்வால்டு, மௌத்ஹவுசன் போன்ற நாஜி வதைமுகாம்கள் விடுவிக்கப்பட்ட வேளையில் அங்கே சென்று, மரணப் பதிவேடுகளையும் காவலர் பட்டியல்களையும் கைப்பற்றுவது அவர் வேலை. முகாமில் கண்ட காட்சிகளில் மனம் ஒடுங்கி நின்றுவிடாமல், முதலில் அலுவலகத்துக்குப் போய்த் தாள்களைப் பூட்டி வைப்பது என்ற அந்தப் பழக்கமே பிற்கால வேலைக்கெல்லாம் அடித்தளமாக அமைந்தது.

1945 இறுதியில் படையிலிருந்து விடுபட்டு, 1946 மார்ச்சில், தம்மைப் போலவே புலம்பெயர்ந்து வந்தவரான கெர்ட்ரூடை மணந்தார். சில மாதங்களில், நியூரம்பெர்க்கின் அடுத்தகட்ட விசாரணைகளில் அமெரிக்க அரசுத் தரப்பை நடத்திய டெல்ஃபோர்டு டெய்லர் அந்தப் பணிக்கு அழைத்தார். தேனிலவுக்குச் சிறிது காலம் ஐரோப்பா போய் வருவோம் என்று சொல்லித்தான் மனைவியை அழைத்துச் சென்றதாக அவர் வேடிக்கையாகக் குறிப்பிடுவார். அந்தத் தேனிலவு பத்தாண்டுகள் நீண்டது. நான்கு பிள்ளைகளும் நியூரம்பெர்க்கிலேயே பிறந்தார்கள்.

கூட்டல் பொறி

பெர்லினில் ஆவணங்களைத் துழாவிக்கொண்டிருந்த அவருடைய குழுவினர் கண்ணில், கிழக்குப் போர்முனைக்குப் பின்னால் இயங்கிய கொலைப்படைகளான ஐன்சாட்ஸ்குரூப்பன் அனுப்பிய அன்றாட அறிக்கைகளின் முழுத் தொகுதி பட்டது. எந்த ஊரில், எந்தத் தேதியில், எத்தனை பேர் என்று கணக்குப்பிள்ளையின் ஒழுங்குடன் அவை எழுதப்பட்டிருந்தன. ஃபெரன்ஸ் ஒரு சிறு கூட்டல் பொறியை எடுத்துவைத்து அந்த எண்களைக் கூட்டத் தொடங்கினார். பத்து இலட்சத்தைத் தாண்டியதும் நிறுத்திவிட்டு, அடுத்த விமானத்தில் நியூரம்பெர்க்குக்குச் சென்று புதிய வழக்கொன்றைத் தொடுக்க வேண்டும் என்றார். ஆளும் இல்லை, பணமும் இல்லை என்றார் டெய்லர். மற்ற வேலைகளோடு சேர்த்து இதையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, 27 வயதில் அவர் அவ்வழக்கின் தலைமை வழக்குரைஞரானார். அதுவே அவர் வாதாடிய முதல் வழக்கு.

1947 செப்டம்பரில் தொடங்கிய விசாரணையில் அரசுத் தரப்பு ஒரு சாட்சியைக்கூடக் கூண்டில் ஏற்றவில்லை. குற்றவாளிகள் தாமே எழுதிய அறிக்கைகளை அடுக்கிவைத்து, இரண்டே நாளில் தன் தரப்பை முடித்துக்கொண்டது. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 24 பேர். அப்படைகளில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் இருக்க, ஏன் 24 பேர் மட்டும் என்று கேட்டால், கூண்டில் அத்தனை இருக்கைகள்தான் இருந்தன என்பார் ஃபெரன்ஸ். ஒருவர் தற்கொலை செய்துகொண்டார்; இன்னொருவர் நோயால் விலக்கப்பட்டார்; எஞ்சிய 22 பேரும் 1948 ஏப்ரலில் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். 14 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இத்தனைக்கும் ஃபெரன்ஸ் மரண தண்டனை கேட்கவே இல்லை. பழிவாங்குவது எங்கள் நோக்கமன்று, இனமோ சமயமோ எதுவாயினும் மனிதன் அமைதியோடும் மதிப்போடும் வாழ உரிமையுடையவன் என்பதை இம்மன்றம் உறுதிசெய்ய வேண்டும் என்பதே அவருடைய தொடக்க உரையின் சாரம்.

அந்த 14 பேரில் 1951இல் தூக்கிலிடப்பட்டவர்கள் நால்வர் மட்டுமே. பனிப்போர் அரசியலில் மற்றவர்களின் தண்டனைகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டு, 1958இல் கடைசிக் கைதிகளும் வெளியே வந்துவிட்டார்கள். வரலாற்றின் மிகப் பெரிய கொலை வழக்கு என்று அன்று வருணிக்கப்பட்ட வழக்கின் தண்டனைகள் பத்தாண்டுகளில் கரைந்துபோயின என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அவர் அடுத்துச் செய்த வேலையின் எடை விளங்கும்.

இறந்தவர் சொத்து யாருக்கு?

வாரிசில்லாமல் ஒருவர் இறந்தால் அவருடைய சொத்து அரசைச் சேரும் என்பது பெரும்பாலான நாடுகளில் சட்டம். நம் நாட்டிலும் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு அதையே சொல்கிறது. சாதாரண காலத்தில் இது நியாயமான விதிதான். ஆனால், 1945இல் ஜெர்மனியில் அதே விதியை அப்படியே பின்பற்றியிருந்தால், பாட்டி முதல் பேரன் வரை ஒரு குடும்பத்தையே கொன்ற அரசுக்குப் பின்வந்த அரசு, அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குச் சட்டபூர்வ வாரிசாகியிருக்கும்.

இதைத் தடுக்கவே அமெரிக்க இராணுவ அரசு 1947 நவம்பர் 10 அன்று, ஜெர்மனியில் தன் ஆளுகையில் இருந்த பகுதிக்கென 59ஆம் எண் சட்டத்தைப் பிறப்பித்தது. நிலவழக்கில் சிறிதேனும் பரிச்சயம் உள்ளவர்கள் அதன் துணிச்சலை வியப்பார்கள். 1933 ஜனவரி 30 முதல் 1945 மே 8 வரை, துன்புறுத்தப்பட்டவர் எவரும் எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரம் பறிப்பாகவே கருதப்படும். அப்படியில்லை என்று நிரூபிக்கும் சுமை வாங்கியவர் தலையில் விழும். நியாய விலை கொடுத்தேன், அந்தப் பணம் விற்றவர் கைக்குத் தடையின்றிப் போய்ச் சேர்ந்தது என்று அவர் காட்ட வேண்டும். நியூரம்பெர்க் இனச் சட்டங்கள் வந்த 1935 செப்டம்பர் 15க்குப் பிந்தைய கிரயமானால் அதுவும் போதாது; நாஜி ஆட்சியே இல்லாவிட்டாலும் அந்த விற்பனை நடந்திருக்கும் என்றோ, விற்றவரின் நலனைத் தாம் தனியே காத்ததாகவோ காட்ட வேண்டும். வில்லங்கம் எதுவும் தெரியாமல் நல்லெண்ணத்தில் வாங்கினேன் என்ற வழக்கமான வாதம் செல்லுபடியாகாது. வாரிசே இல்லாத சொத்துக்கு அரசு வாரிசாகாது. அந்த இடத்தில், அழிந்த சமூகத்தின் சார்பாக ஒரு வாரிசு அமைப்பு நிற்கும்.

யூத அமைப்புகள் சேர்ந்து உருவாக்கிய அந்த வாரிசு அமைப்புக்கு 1948இல் ஃபெரன்ஸ் தலைமை இயக்குநரானார். 28 வயது, சொத்துச் சட்டத்தில் அனுபவம் இல்லை, கையில் பணமும் இல்லை. மனுச் செய்யக் கடைசி நாள் அவ்வாண்டு டிசம்பர் 31. அதாவது, சொத்துக்காரர்கள் எல்லோரும் இறந்துபோன நிலையில், எது எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆளில்லாத சொத்துகளைச் சில மாதங்களில் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மனு போட வேண்டும். அமெரிக்க ஆளுநர் தளபதி லூசியஸ் கிளேயிடம் ஆக்கிரமிப்பு நிதியிலிருந்து கடன் கேட்டு வாங்கிக்கொண்டு, பெரும் ஆள்படையைத் திரட்டி, ஊர் ஊராகப் பதிவாளர் அலுவலகங்களுக்கு அனுப்பினார். 1933க்குப் பிறகு யூதப் பெயரிலிருந்து வேறு பெயருக்கு மாறிய ஒவ்வொரு பதிவையும் அவர்கள் படியெடுத்து வந்தார்கள். பெயரை வைத்து யூதர் எனக் கண்டுகொள்ளும் அந்த வேலையை அதற்குப் பதின்மூன்றாண்டுகளுக்கு முன் இன்னொரு கூட்டத்தார் வேறு நோக்கத்துக்காகச் செய்திருந்தார்கள் என்பது அவர்களில் எவருக்கும் உறைக்காமல் இருந்திருக்க முடியாது. கெடு முடிவதற்குள் பாட் நவுஹைமில் இருந்த மையப் பதிவு அலுவலகத்தில் ஏறத்தாழ 1,63,000 மனுக்கள் குவிந்தன.

மனுப் போட்ட பிறகுதான் உண்மையான சிக்கல்கள் எழுந்தன. முதல் எதிர்ப்பு, வீட்டை வைத்திருந்த ஜெர்மானியர்களிடமிருந்து வந்தது. அது எதிர்பார்த்ததே. இரண்டாவது எதிர்ப்பு எதிர்பாராதது: கெடுவைத் தவறவிட்ட உண்மையான வாரிசுகள் அமெரிக்காவிலிருந்தும் இஸ்ரேலிலிருந்தும் வந்து, எங்கள் தாத்தா வீட்டை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டார்கள். சட்டப்படி அவர்களுக்கு உரிமை போய்விட்டது. ஆயினும், அதைச் சாக்காக வைத்துக்கொள்ளாமல், செலவுக்கான பங்கை மட்டும் கழித்துக்கொண்டு சொத்தை அவர்களிடம் ஒப்படைக்கும் நடைமுறையை அமைப்பு ஏற்படுத்திக்கொண்டது. வாரிசு அமைப்பு என்பது வாரிசுக்குப் போட்டியாளர் ஆகிவிடக் கூடாது என்ற தெளிவு அதில் தெரிகிறது.

மூன்றாவது எதிர்ப்பே மனத்தை மிகவும் புண்படுத்தியது, ஏனெனில் அது யூதர்களிடமிருந்தே வந்தது. ஜெர்மன் நகரங்களில் போருக்குப் பின் சில பத்துப் பேரோ சில நூறு பேரோ கூடி மீண்டும் யூதச் சபைகளைத் தொடங்கியிருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த பழைய சபையின் தொழுகைக்கூடம், பள்ளி, மருத்துவமனை எல்லாவற்றுக்கும் தாங்களே தொடர்ச்சி என்றார்கள். அந்தச் சபையின் பெரும்பாலோர் இன்று இஸ்ரேலிலும் நியூயார்க்கிலும் அகதிகளாக அல்லலுறுகிறார்கள், அவர்களுக்கும் பங்கு உண்டு என்றது ஃபெரன்ஸின் தரப்பு. ஆக்ஸ்பர்க் நகரின் சபை தொடர்பான வழக்கு மேல்முறையீடு வரை சென்றது. புதிய சபை பழைய சபையின் சட்டபூர்வத் தொடர்ச்சி அன்று என்று 1954இல் தீர்ப்பாயிற்று. சட்ட தருக்கத்தில் அத்தீர்ப்பு சரியானதே. ஆனால், முகாமிலிருந்து மீண்டு வந்து, இடிந்த ஊரிலேயே விளக்கேற்ற முனைந்த ஒருவரிடம் நீ உன் ஊரின் வாரிசு அல்லன் என்று சொல்வது எப்படிப்பட்ட காரியம் என்பதையும் மறந்துவிட முடியவில்லை. ஃபெரன்ஸின் வாழ்க்கையை ஆராய்பவர் அவர் வென்ற இந்த வழக்கைப் பாராட்டிவிட்டுக் கடந்துபோகக் கூடாது.

விற்று முதலாக்க முடியாதவையும் இருந்தன. யூத மரபில் கல்லறை நிலம் என்றென்றைக்கும் இறந்தவருக்கே உரியது; எனவே அதை விற்பதற்கில்லை, காப்பதற்கு ஏற்பாடு செய்வது மட்டுமே முடியும். நாஜிகள் கொள்ளையிட்டுக் குவித்த நூல்கள் ஒஃபென்பாக் கிடங்கில் மலைபோல் கிடந்தன. உரியவர் தெரியாதவற்றைப் பகிர்ந்தளிக்க, வரலாற்றறிஞர் சாலோ பாரன் தலைமையிலும் ஹன்னா ஆரண்ட் செயலாளராகவும் ஒரு துணை அமைப்பு இயங்கியது. பெரும்பகுதி இஸ்ரேலுக்கும் அமெரிக்காவுக்கும், எஞ்சியது மற்ற நாடுகளுக்கும் போயின. யூதத் திருமறையான தோரா எழுதப்பட்ட சுருள்களில் செப்பனிடக்கூடியவை புதிய தொழுகைக்கூடங்களுக்குச் சென்றன. செப்பனிட இயலாதவற்றை, மரபுப்படி, மனிதரைப் புதைப்பதுபோலவே மண்ணில் புதைத்தார்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வழக்கு நடத்தினால் ஒரு தலைமுறை ஆகும். அகதிகளுக்கோ பணம் உடனே வேண்டும். ஆகவே, எஞ்சிய உரிமைகளை ஜெர்மன் மாநில அரசுகளுக்கு மொத்தத் தொகைக்கு ஒப்படைக்கும் உடன்பாடுகளை அவர் செய்துகொண்டார். குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டார் என்ற குறை எழுந்தது; எழாமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

நாளொன்றுக்கு ஐந்து மார்க்

1952 மார்ச்சில் நெதர்லாந்தின் வாசனாரில் இஸ்ரேலும், யூத அமைப்புகளின் கூட்டமைப்பான இழப்பீட்டு மாநாடும், மேற்கு ஜெர்மனியோடு பேச்சு தொடங்கின. கூட்டமைப்பின் குழுவில் ஃபெரன்ஸும் இருந்தார். கொலைகாரரோடு பேரம் பேசுவதா என்று இஸ்ரேலில் அதற்கு முன்பே கலவரம் மூண்டிருந்தது. இரு தரப்பிலும் பலருக்குத் தாய்மொழி ஜெர்மனே; இருந்தும் பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. செப்டம்பர் 10 அன்று லக்சம்பர்க்கில் மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சர் அடெனவர், இஸ்ரேலின் வெளியுறவு அமைச்சர் மோஷே ஷரெட், கூட்டமைப்பின் தலைவர் நாஹும் கோல்ட்மன் ஆகியோர் உரைகள் ஏதுமின்றிக் கையெழுத்திட்டனர்: இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க், கூட்டமைப்புக்கு 45 கோடி மார்க், அத்தோடு தனிநபர்களுக்கு இழப்பீட்டுச் சட்டம் இயற்றும் உறுதிமொழி.

அந்தச் சட்டம் 1953இலும் 1956இலும் வடிவம் பெற்றபோது, முகாமில் கழிந்த ஒவ்வொரு மாதத்துக்கும் 150 மார்க், அதாவது நாளொன்றுக்கு ஐந்து மார்க், என்று விடுதலை இழப்புக்கு விலை குறிக்கப்பட்டது. உடல்நலம் கெட்டதற்கு ஓய்வூதியம் வேண்டுமென்றால், உழைக்கும் திறன் குறைந்தது 25 விழுக்காடு போய்விட்டதாகவும், அது துன்புறுத்தலால் வந்ததாகவும் மருத்துவர் சான்றளிக்க வேண்டும். இருபது வயதில் முகாமில் இருந்தவரின் முப்பத்தைந்து வயது நெஞ்சுவலி எதனால் வந்தது என்று வாதாடுவது வழக்குரைஞர் வேலையாயிற்று. ஏழை மனுதாரர்களுக்காக மிகக் குறைந்த கட்டணத்தில் இவ்வேலையைச் செய்த யூதச் சட்ட உதவி அமைப்பின் ஜெர்மன் பணிகளையும் ஃபெரன்ஸ் கவனித்துக்கொண்டார். இரும்புத்திரைக்கு அப்பால், கிழக்கு ஐரோப்பியக் கம்யூனிச நாடுகளில் வாழ்ந்தவர்களுக்கு அச்சட்டம் ஒன்றும் தரவில்லை.

அடிமை உழைப்பின் கதை இதைவிடக் கசப்பானது. 1953ஆம் ஆண்டின் இலண்டன் கடன் உடன்படிக்கை, போர்க்காலக் கோரிக்கைகளை எதிர்கால அமைதி ஒப்பந்தம் வரை ஒத்திவைத்தது. கூலியின்றி உழைக்க வைத்த நிறுவனங்களுக்கு அது பெரிய கேடயமாயிற்று. வழக்கால் அசைக்க முடியாதவர்களைப் பேச்சாலும் வெளியுலகில் ஏற்படும் அவப்பெயர் பற்றிய அச்சத்தாலும் அசைக்க வேண்டியிருந்தது. வேதிப்பொருள் நிறுவனமான ஐ.ஜி. ஃபார்பன் 1957இல் 3 கோடி மார்க்குக்கு இணங்கியது. எஃகு நிறுவனமான குரூப் 1959இல் உடன்பட்டது. தலைக்கு 5,000 மார்க் என்று பேசி, மனுக்கள் மிகுந்துவிட்டதால் அதைவிடக் குறைவாகவே கைக்கு வந்தது. தொழிலதிபர் ஃப்ளிக் கடைசிவரை ஒரு மார்க்கும் தரவில்லை. எல்லா நிறுவனங்களையும் சேர்த்தும் பயனடைந்தவர்கள் ஏறத்தாழ 15,000 பேர்தான். இதைப் பற்றி 1979இல் ஃபெரன்ஸ் எழுதிய நூல் வெற்றிக் கதை அன்று, தோல்விகளின் கணக்கு. ஆனால், அவர் திரட்டிவைத்த அந்தக் கணக்கு பிற்கால வழக்குகளுக்கு உதவியது. 2000இல் ஜெர்மன் அரசும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து 1,000 கோடி மார்க்கில் ஓர் அறக்கட்டளை அமைத்தபோது, 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட முன்னாள் கட்டாய உழைப்பாளர்களுக்குப் பணம் கிடைத்தது. அதற்குள் எத்தனையோ பேர் இறந்துவிட்டிருந்தார்கள்.

வீடு

1956இல் குடும்பம் நியூயார்க்குக்குத் திரும்பியது. கொலைகாரர் நாட்டில் நான்கு குழந்தைகளைப் பெற்று வளர்த்த கெர்ட்ரூடின் பங்கு எந்த ஆவணத்திலும் தனியாகப் பதிவாகவில்லை. கணவர் மட்டும் பேட்டிக்குப் பேட்டி அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். டெய்லருடன் கூட்டாகச் சட்டத்தொழில் நடத்திவிட்டு, வியட்நாம் போர்க்காலத்தில் ஃபெரன்ஸ் வருமானத் தொழிலிலிருந்து மெல்ல விலகி, பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் ஒன்று வேண்டும் என்று எழுதவும் பேசவும் தொடங்கினார். 2002இல் அந்த நீதிமன்றம் செயல்பாட்டுக்கு வந்தது. 2011இல் அதன் முதல் வழக்கில் அரசுத் தரப்பின் நிறைவுரையில் ஒரு பகுதியை ஆற்ற 91 வயது முதியவரை, அந்நீதிமன்றம் இருக்கும் நெதர்லாந்தின் ஹேகுக்கு அழைத்தார்கள். கடைசிக் காலத்தில் தம் சேமிப்பிலிருந்து வாஷிங்டனின் யூதப் பேரழிவு அருங்காட்சியகத்துக்குப் பெருந்தொகை அளித்தார். நிலவறையில் வளர்ந்த ஏழைப் பையனை ஏற்றுக்கொண்ட நாட்டுக்குத் திருப்பிக் கொடுப்பதாகவே அதைச் சொன்னார். கெர்ட்ரூட் 2019இல் மறைந்தார். 73 ஆண்டு இல்லறத்தில் தங்களுக்குள் சண்டையே வந்ததில்லை என்பார் ஃபெரன்ஸ். வழக்குரைஞர் சொல்வதை எதிர்த்தரப்பிடமும் கேட்டுத்தான் நம்ப வேண்டும் என்றாலும், இதை நம்பலாம் போலிருக்கிறது.

அவர் தண்டனை வாங்கித் தந்த 22 பேரில் ஒருவர்கூட 1958க்குப் பிறகு சிறையில் இல்லை. அவர் உருவாக்க உதவிய இழப்பீட்டு முறையின்கீழ் ஓய்வூதியம் இன்றும் மாதந்தோறும் போய்க்கொண்டிருக்கிறது. கூட்டமைப்பும் ஜெர்மன் அரசும் ஆண்டுதோறும் கூடிப் பேசுகின்றன. இப்போது அங்கே முதலிடம் பெறும் பொருள், தொண்ணூறு வயதைத் தொட்டுவிட்ட ஒருவரின் வீட்டுக்கு வாரத்தில் எத்தனை மணிநேரம் பராமரிப்பாளர் வர வேண்டும் என்பது.